சிவப்புச் சாக்பீஸில் எழுதிய கடைசிச் சொல்

நான் வேலை பார்த்த பட்டாசு ஆலைக்குப் புதிதாகப் பாதுகாப்பு அலுவலராக வந்திருக்கும் கவிதா மேடம், போன மாதம் என் வீட்டுக்கு வந்தார். மருந்துக் கலவை அறைக்கும் ஸ்டோருக்கும் புதிய ஆட்களை எடுத்திருக்கிறார்களாம். ரசாயனங்களின் இங்கிலீஷ் பெயர்களும், அவற்றைச் சுற்றியுள்ள மற்ற வார்த்தைகளும் அவர்கள் வாயில் நுழையவே இல்லையாம்.

"ஐயா, நீங்க சொன்னா உச்சரிப்பு அம்புட்டுத் தெளிவா இருக்கும்னு எல்லாரும் சொல்றாக. ஒவ்வொரு வார்த்தையையும் ரெண்டு தடவை சொல்லி, அர்த்தத்தையும் சொல்லி, போன்ல பதிவு பண்ணி அனுப்புங்க. குரூப்ல போட்டுருவேன்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். நாலு நாள் முயன்று பார்த்தேன். நான் கூச்ச சுபாவம் உள்ளவன். நாலு பேர் கூடிய இடத்தில் பெயர் கேட்டால்கூட எனக்குக் குரல் இறங்கிவிடும். ஆனால் இந்தத் தடவை கூச்சம் மட்டும் காரணமில்லை. போனை வாய்க்கு முன்னால் பிடித்து முதல் வார்த்தையைச் சொல்வேன், இரண்டாவதைச் சொல்வேன், மூன்றாவதில் போனைக் கீழே வைத்துவிடுவேன். மேடத்தைக் கூப்பிட்டு எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். எழுதியே கொடுங்கள், வேறு யாரையாவது வைத்துப் படிக்கச் சொல்லிக்கொள்கிறோம் என்றார்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. தினமும் பேப்பர் படிப்பவன் என்பதால் தமிழ் எழுத வரும். வார்த்தைகளை மட்டும் எழுதினால் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் அவற்றை மட்டும் ஒருவர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருத்தங்கல். லேபிள் ஒட்டினேன், காகிதக் குழல் சுற்றினேன், லாரியில் லோடு ஏற்றினேன். கல்யாணத்துக்குப் பிறகு எம். புதுப்பட்டிப் பக்கம் உள்ள இந்த ஆலைக்கு வந்தேன். என் மனைவி பேச்சியம்மாளும் இங்கேதான் திரி அறையில் வேலை பார்த்தாள். மருந்து அறையைத் தவிர எல்லா அறையிலும் நான் இருந்திருக்கிறேன். அந்த வருஷங்களில் நான் கற்றுக்கொண்டது பெரிதாக ஒன்றுமில்லை. எங்காவது சத்தம் கேட்டால் இங்கே யாரும் அது என்ன சத்தம் என்று கேட்பதில்லை. எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். மேற்கே என்றால், மேற்கே வேலைக்குப் போன சொந்தக்காரர் உள்ளவர்கள் எழுந்து வாசலுக்கு ஓடுவார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வேலையைத் தொடர்வார்கள். நம் பக்கம் இல்லை என்ற நிம்மதியை முகத்தில் காட்டக்கூடாது அல்லவா. எனக்குப் பழக்கமாகிப்போனது இன்னொன்று. சத்தம் கேட்டதும் என் கண் தானாகத் திரி அறையின் கூரைக்குப் போகும். கூரை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூச்சை விடுவேன்.

எனக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும்போது சம்சுதீன் சார் போர்மேனாக வந்தார். விருதுநகர்க்காரர். வீட்டில் எல்லோரும் கடை வியாபாரம், இவர் மட்டும் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்துவிட்டார். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். ஒல்லியான உடம்பு. யாரையும் திட்டமாட்டார். மருந்து அறைக்குள் யாராவது வேகமாக நடந்தால் அவர் தன் நடையை நிறுத்திவிட்டு அப்படியே நிற்பார். அந்த ஆள் திரும்பிப் பார்த்து, தானும் நின்று, பிறகு மெதுவாக நடக்கும் வரை நகரமாட்டார். அதற்கே எல்லோரும் பயப்படுவார்கள்.

அவர் வந்த முதல் வாரத்திலேயே ஸ்டோர் சுவரில் ஒரு கரும்பலகையை மாட்டினார். ஒவ்வொரு வரியிலும் இடது பக்கம் இங்கிலீஷ் எழுத்தில் வார்த்தை, நடுவில் அதே உச்சரிப்பு தமிழ் எழுத்தில், வலது பக்கம் அர்த்தம். காலையில் வேலை தொடங்கும் முன்பு கலவை ஆட்களும் ஸ்டோர் ஆட்களும் அந்தப் பலகை முன்னால் நிற்கவேண்டும். நான் அப்போது ஸ்டோரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு குச்சியால் தொடுவார். நாங்கள் சொல்லவேண்டும்.

ஆக்சிடைசர் என்றால் தீக்கு மூச்சுக் கொடுப்பது. ஆக் என்ற இடத்தில் அழுத்திச் சொல்லவேண்டும், பின்னால் வருவதை விழுங்காமல் சொல்லவேண்டும். ஃப்ரிக்‌ஷன் என்றால் உரசல். ஸ்டேட்டிக் என்றால் உடம்பில் நமக்குத் தெரியாமல் நிற்கும் மின்சாரம். அதற்காகத்தான் அறை வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகிறோம். ஹைக்ரஸ்காபிக் என்றால் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிப்பது. கன்டாமினேஷன் என்றால் வரக்கூடாத ஒன்று வந்து கலந்துவிடுவது. சென்சிட்டிவ் என்பதற்கு அவர் எழுதியிருந்த அர்த்தம், 'தட்டினாலும் உரசினாலும் பொறுக்காது.'

அர்த்தம் சொன்னதோடு விடமாட்டார். ரசாயனங்களை அவர், இவர் என்றுதான் சொல்வார். "இவரு யாரு?" என்று பலகையைத் தொடுவார். "சல்பர், கந்தகம்" என்போம். "இவருக்கு யாரைப் பிடிக்காது?" என்பார். அதற்குப் பதில் தெரிந்தால்தான் அந்த வார்த்தை தெரிந்ததாக ஒப்புக்கொள்வார்.

கலவை அறையில் மூத்த ஆள் பால்ச்சாமி. என் வயதுதான், ஆனால் வாய் பெரிது. இன்கம்பேட்டிபிள் என்ற வார்த்தை வந்த அன்று, "ஒண்ணாச் சேர்ந்து இருக்க முடியாதது, சேர்த்து வச்சா விபரீதம்" என்று சார் அர்த்தம் சொன்னார்.

"சார், எங்க மாமியாரும் நானும் அப்படித்தான். இப்பத்தான் அதுக்கு இங்கிலீஷ் வார்த்தை கெடைச்சிருக்கு" என்றான் பால்ச்சாமி.

சாரே சிரித்துவிட்டார். "அப்ப உங்களுக்கு இனி மறக்காது. எங்க, நடு எழுத்தை அழுத்திச் சொல்லுங்க."

"இன்கம்பேட்டிபிள்."

"இன்னும் அழுத்துங்க."

"இதுக்கு மேல அழுத்துனா மாமியா வந்துரும் சார்."

பலகையின் கடைசி வரி மட்டும் சிவப்புச் சாக்பீஸில் இருந்தது. மற்ற வரிகளிலிருந்து ஒரு சாண் தள்ளி எழுதியிருந்தார். பொட்டாசியம் குளோரேட். இவர் இந்த ஆலைக்கு வரவேகூடாதவர் என்றார் சார். தீப்பெட்டிக்கு அது வேண்டும், பட்டாசுக்கு அதைத் தொடவே கூடாது என்று தடை. நாங்கள் பயன்படுத்துவது பொட்டாசியம் நைட்ரேட், அதாவது வெடியுப்பு. இரண்டும் வெள்ளைத் தூள்தான். "இவருக்கு யாரைப் பிடிக்காது?" என்று அந்த வரியைத் தொட்டுக் கேட்டார். பதிலையும் அவரே சொன்னார். "கந்தகத்தைப் பிடிக்காது. ரெண்டு பேரும் சேர்ந்திருக்கும்போது உள்ளங்கையால தேய்ச்சாலே போதும், வெடிச்சிரும்." அன்று பால்ச்சாமிகூடச் சிரிப்புக் காட்டவில்லை.

இப்போது நான் மறைத்துவைத்திருந்ததைச் சொல்லவேண்டும். எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. ஐந்தாம் வகுப்புக்குள் படித்த பெரிய எழுத்துகளில் பாதி மறந்துபோயிருந்தது. பலகையில் நடுவில் இருந்த தமிழைப் படித்துத்தான் மனப்பாடம் செய்தேன். கூச்சக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. பிறர் பேசும்போது அவன் கேட்டுக்கொண்டே இருப்பான். சார் எந்த இடத்தில் குரலை ஏற்றுகிறார், எந்த இடத்தில் இறக்குகிறார் என்பது அப்படியே என் காதில் தங்கிவிட்டது.

ஒரு நாள் அரசாங்கத்திலிருந்து ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். வரிசையில் நின்ற என்னைப் பார்த்து, மழைக்காலத்தில் மருந்தை ஏன் மூடிவைக்கிறீர்கள் என்று கேட்டார். "ஹைக்ரஸ்காபிக் சார்" என்றேன். அவர் தன் உதவியாளரைத் திரும்பிப் பார்த்து, "நம்ம ஆபீஸ்ல யாராவது இவ்வளவு சரியாச் சொல்லுவாங்களா?" என்றார். சம்சுதீன் சார் முகம் மலர்ந்துபோயிற்று. அடுத்த மாதம் என்னை ஸ்டோர் பொறுப்பில் போட்டார். "அண்ணாச்சி, இனி நீங்கதான். மூட்டையைத் திறக்க முன்னால லேபிளைப் படிக்கணும், படிச்சேன்னு நோட்டுல கையெழுத்துப் போடணும். அம்புட்டுதான் வேலை" என்றார்.

அந்த இடத்தில், எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது சார் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். மூடிக்கொண்டேன்.

பிறகு தினமும் பயந்துகொண்டேதான் வேலை பார்த்தேன். மூட்டைகளை நான் சாக்கின் நிறக் கோட்டை வைத்து அடையாளம் தெரிந்துகொண்டேன். எங்களுக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரி, ஒவ்வொரு ரசாயனத்துக்கும் ஒவ்வொரு நிறக் கோடு போட்ட சாக்கில்தான் அனுப்புவார். பச்சைக் கோடு வெடியுப்பு. எனக்கு முன்னால் ஸ்டோரில் இருந்தவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். லாரியில் இருந்து இறக்குகிறவர்கள்கூட "பச்சை நாலு, மஞ்சள் ரெண்டு" என்றுதான் கூவுவார்கள். நாலு வருஷம் ஒரு நாளும் கோடு மாறவில்லை. நானும் ஒவ்வொரு நாளும் லேபிளைப் படித்தேன் என்று கையெழுத்துப் போட்டேன். வீட்டில் சோற்றில் கை வைக்கும்போது அந்தக் கையெழுத்து நினைவுக்கு வரும். பேச்சியம்மாள், "என்ன யோசனை? சாப்பிடுங்க" என்பாள். அவளிடமும் சொன்னதில்லை.

அது ஒரு புரட்டாசி மாதம். தீபாவளி சீசனின் கடைசி ஆர்டர்கள். முந்தின நாள் சாயங்காலம் புது லோடு வந்திருந்தது. பச்சைக் கோடு நாலு மூட்டை. காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது, இடி இல்லை. இடி இருந்தால் கலவை கிடையாது. சார் பேக்கிங் அறைப் பக்கம் போயிருந்தார்.

நான் ஒரு மூட்டையைத் திறந்து, அன்றைய கலவைக்கு வேண்டியதை மரக் கரண்டியால் அள்ளி எடைபோட்டு, பால்ச்சாமியின் அறை வாசலில் கொண்டுபோய் வைத்தேன். அள்ளும்போதே ஒன்றைக் கவனித்தேன். மழைக்காலத்தில் வெடியுப்பு கட்டி தட்டும், உடைத்துத்தான் எடுக்கவேண்டும். இது மணல்போல ஓடியது. நல்ல சரக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது ஸ்டோர்க் கூரை ஓரத்தில் ஒழுகியது. மூட்டை நனைந்துவிடும் என்று இழுத்து நகர்த்தினேன். சுவரைப் பார்த்திருந்த பக்கம் என்னைப் பார்த்துத் திரும்பியது. மஞ்சள் நிற வைரக் குறி, அதற்குள் வட்டத்தின் மேல் தீ. அது எல்லா ஆக்சிடைசர் மூட்டையிலும் இருப்பதுதான். அதற்குக் கீழே இரண்டு வார்த்தைகள். நாலு வருஷமாக அந்த இரண்டு வார்த்தைகளையும் ஒரு படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்திருக்கிறேன். அன்று படம் வேறு மாதிரி இருந்தது.

மூட்டையிலும் பலகையின் வெடியுப்பு வரியிலும் மாறிமாறி விரலை வைத்துப் பார்த்தேன். முதல் வார்த்தை பொருந்தியது. இரண்டாவது பொருந்தவில்லை. பலகையில் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினேன். எதுவும் பொருந்தவில்லை. மிச்சம் இருந்தது சிவப்பு வரி. அதன் இரண்டாவது வார்த்தை ஒவ்வோர் எழுத்தாக, கடைசி வரைக்கும், பொருந்தியது.

பால்ச்சாமி எப்படி வேலை செய்வான் என்று எனக்குத் தெரியும். முதலில் கந்தகத்தைத் தனியாகச் சலிப்பான். பிறகு உப்பைத் தனியாக. அதற்குப் பிறகுதான் இரண்டையும் சேர்த்து, சல்லடையில் உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துச் சலிப்பான்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. விளக்குமாற்றை எடுத்தேன். எடைமேடையைச் சுற்றிச் சிந்தியிருந்த தூளைக் கூட்டினேன். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை கூட்டினேன். போய்ச் சொன்னால், திறக்கும்போதே ஏன் படிக்கவில்லை என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு எல்லோர் முன்னாலும் பதில் சொல்லவேண்டும். ஒருவேளை நான் பொருத்திப் பார்த்தது தப்பாக இருக்கலாம், எனக்குத்தான் படிக்கத் தெரியாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூட்டி முடித்த குப்பையை அள்ளும்போது, இந்நேரம் உப்பைத் தனியாகச் சலித்து முடித்திருப்பான் என்று தோன்றியது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

ஆலைக்குள் ஓடக்கூடாது. ஓடினாலும் அறை வாசலில் திடீரென்று போய் நின்றால் உள்ளே இருப்பவன் திடுக்கிடுவான். நடந்தேன். ஸ்டோருக்கும் கலவை அறைக்கும் நடுவில் மண் மேட்டைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். வலது பக்கம் திரி அறை. உள்ளே பெண்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாளின் குரல் தனியாகக் கேட்டது. செம்புத் தகட்டைத் தொட்டேன். வாசலில் நின்று பார்த்தேன்.

பால்ச்சாமி குனிந்திருந்தான். சல்லடையில் வெள்ளையும் மஞ்சளும் சேர்ந்து கிடந்தன. அவனுடைய இரண்டு உள்ளங்கைகளும் அதன்மேல் இருந்தன.

"பால்ச்சாமி" என்றேன். எனக்கு எப்போதும் வரும் மெல்லிய குரல்தான் அப்போதும் வந்தது.

"என்னலே ஊமையா, தூறலோட தூறலா வந்திருக்க?" என்றான், நிமிராமல்.

"கைய அசைக்காத."

"என்னது?"

"தேய்க்காத. கை இருக்கிற எடத்துலயே இருக்கட்டும். உப்பு மாறிப்போச்சு."

நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என் முகத்தில் எதைப் பார்த்தானோ, கேலி நின்றுவிட்டது.

"யாருலே அது?" என்றான். அது என்ன என்று அவன் கேட்கவில்லை.

"செவப்பு வரி."

அவன் உதடு மட்டும் அசைந்தது. கை அசையவில்லை.

"ரெண்டு கையையும் நேரா மேல தூக்கு. பக்கவாட்டுல இழுக்காத. மெதுவா."

தூக்கினான். அடுத்ததுதான் எனக்குப் பெரிய பயம். கலவை ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சல்லடையிலிருந்து கையை எடுத்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று தட்டித் தூளை உதிர்ப்பார்கள். இருபது வருஷப் பழக்கம். அவன் கைகள் ஒன்றை ஒன்று நோக்கி வருவதைப் பார்த்தேன்.

"சேக்காத! பால்ச்சாமி, ரெண்டு கையும் ஒண்ணையொண்ணு தொடக்கூடாது."

நின்றுவிட்டான். விரல்களை விரித்து, கைகளை அகற்றிப் பிடித்தபடி, பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு வருகிறவன்போல எழுந்து வந்தான். வெறுங்கால். ஒவ்வோர் அடியாக வைத்தான். நிலைக்காலில் தோள் உரசிவிடாமல் ஒருக்களித்து வெளியே வந்தான். வெளியே தண்ணீர்த் தொட்டி இருந்தது. முழங்கை வரை இரண்டு கைகளையும் அமிழ்த்தினான். தண்ணீர் ததும்பிக்கொண்டே இருந்தது.

"என் சின்ன மகளுக்கு இன்னைக்குப் பெறந்த நாளு" என்றான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

நான் பேக்கிங் அறைக்கு நடந்துபோய்ச் சாரிடம் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மணி அடிக்காமல், ஆள் அனுப்பி, ஒவ்வோர் அறையாக எல்லோரையும் வெளிவாசலுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். பிறகு தான் மட்டும் போய், கலவை அறை வாசலுக்கு வெளியே நின்று, பூவாளியால் செடிக்கு ஊற்றுவதுபோல அந்தச் சல்லடை முழுவதும் சேறாகும் வரை தண்ணீர் விட்டார். வாளி வாளியாக விட்டார். நாங்கள் நூறு பேருக்கு மேல் மழையில் நின்று அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பேச்சியம்மாள் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தாள்.

மத்தியானம் சார் என்னை ஸ்டோருக்குள் கூப்பிட்டார். மற்ற மூன்று மூட்டைகளும் வெடியுப்புதான். ஒரே வியாபாரியிடமிருந்து தீப்பெட்டி கம்பெனிக்குப் போகவேண்டிய ஒரு மூட்டை எங்கள் லோடில் ஏறியிருக்கிறது. சாக்குக் கம்பெனி மாறியதில் இரண்டுக்கும் பச்சைக் கோடே வந்துவிட்டது.

"எப்பத் தெரிஞ்சது அண்ணாச்சி?"

"மூட்டைய நகத்தும்போது சார்."

"தெறக்கும்போது படிக்கலையா?"

நான் தரையைப் பார்த்தேன். நான் கூட்டிய தரை சுத்தமாக இருந்தது.

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது சார்."

அவர் நோட்டை எடுத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் என் கையெழுத்து. வெகுநேரம் புரட்டிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார். "அப்ப நாலு வருஷமா என்னத்தைச் சொல்லிக்குடுத்தேன் நான்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டார்.

பிறகு, "தெரிஞ்ச உடனே வந்துட்டீகளா?" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.

அப்படியே எழுதிக்கொண்டார். நிர்வாகத்துக்கும் அதிகாரிகளுக்கும் போன அறிக்கையில், ஸ்டோர் ஊழியர் குருசாமி உடனடியாகத் தகவல் கொடுத்ததால் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது என்று இருந்தது. ஆலையில் ஒரு மாதம் வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. சாருக்கு விளக்கம் கேட்டு இரண்டு கடிதங்கள் வந்தன. என்னை அவர் ஸ்டோரிலிருந்து எடுக்கவில்லை. அன்றிலிருந்து லேபிளை ஒருவர் சத்தமாகப் படிக்கவேண்டும், இன்னொருவர் விரல் வைத்துச் சரிபார்க்கவேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும் என்று ஆக்கினார். கோட்டைப் பார்ப்பது ஒழிந்தது. விற்பனையாகாமல் மிஞ்சிய பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்து எழுதினேன். ஒரு வருஷம் ஆனது. பேச்சியம்மாள், "இந்த வயசுல பரிட்சைக்கா போகப் போறீக?" என்று கேட்பாள். இப்போது எந்த மூட்டையைக் கொண்டுவந்து வைத்தாலும் படிப்பேன். ஆனால் படிப்பதற்கு முன்னால் ஒரு கணம், எழுத்துகள் எல்லாம் வெறும் கோடுகளாகத் தெரியும். அந்தக் கணம் இன்றுவரை போகவில்லை.

சில வருஷங்களில் சார் வேறு வேலை கிடைத்து விருதுநகருக்கே போய்விட்டார். எனக்கு நெஞ்சில் தூசி சேர்ந்துவிட்டது, இனி அங்கே வேலை பார்க்காதே என்று டாக்டர் சொன்னதால் ஐம்பத்திரண்டு வயதிலேயே நின்றுவிட்டேன். பால்ச்சாமியும் நின்றுவிட்டான். டீக்கடையில் எப்போது பார்த்தாலும் நாலு பேரிடம், "இந்த ஊமைதான் எனக்கு உசுரு குடுத்தவன். தெரிஞ்ச உடனே ஓடிவந்தான்" என்பான். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

இந்தக் கட்டுரையை மேடத்திடம் கொடுக்கும் முன் பால்ச்சாமியிடம் கொண்டுபோனேன். அவன் அதிகம் படித்தவனில்லை. நான் படிக்க, அவன் கேட்டுக்கொண்டிருந்தான். மாமியார் வரும் இடத்தில் சிரித்தான். விளக்குமாறு வந்த இடத்தில், "நிறுத்து" என்றான்.

நிறுத்தினேன்.

"முழுசாவா கூட்டுன?"

"ஆமா."

"குப்பைய அள்ளுனியா?"

"அள்ளுனேன்."

எழுந்து வாசலுக்குப் போனான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினான்.

"உப்பத் தனியாச் சலிச்சேம்பாரு, அப்பவே எனக்குத் தெரியும்லே."

எனக்குப் புரியவில்லை.

"வெடியுப்பு கையில பட்டா சில்லுன்னு இருக்கும். அன்னைக்கு அப்படி இல்ல. வேற என்னமோன்னு கை சொல்லிச்சு. வந்து கேட்டுருக்கணும். இருவது வருசமா மருந்து கலக்குறவனுக்கு உப்பு தெரியலையான்னு நீங்கள்லாம் சிரிப்பீகளேன்னு கேக்கல." நிலைக்காலில் கை வைத்தான். "அதோட, குருசாமி படிச்சுப் பாத்துத்தான குடுத்திருப்பான்னு நெனச்சேன்."

நான் தாள்களை மடித்துக்கொண்டேன். தெருவில் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"பால்ச்சாமி, வெளக்குமாறு சமாச்சாரத்த எடுத்துறவா?"

"எடுக்காத" என்றான். திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தான். "நான் இப்பச் சொன்னதையும் அதுக்குக் கீழ எழுது. பேரு போட்டு எழுதுலே. புதுசா வந்திருக்கவன் எவனாவது கையில உப்ப வச்சுக்கிட்டு, கேக்கவா வேண்டாமான்னு இந்நேரம் நின்னுக்கிட்டு இருப்பான்."